தட்டுப்பாடு வருமுன் ஒரு பிடி அரிசி: வீட்டுச் சேமிப்பு பதுக்கல் ஆகாது

தட்டுப்பாடு என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. 2021இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் அலைந்தோம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருள் வரிசையில் காத்திருந்தே உயிரை விட்டவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் நாட்டரிசியைக் கடைகளில் காணவில்லை. 2025 மே மாதத்தில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவில் உப்புக்கே தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவினால் வீதிகள் துண்டிக்கப்பட்டு, பல ஊர்களுக்கு லொறிகள் போக வழியில்லாமல் போனது.

ஒன்றுக்கு நோய் காரணம். ஒன்றுக்கு டொலர் இல்லாமை காரணம். ஒன்றுக்கு மழை காரணம். ஆனால் அடுப்படியில் நிற்கும் ஒரு தாய்க்கு இவை எல்லாவற்றின் முடிவும் ஒன்றுதான். ஒன்றில் கடையில் சாமான் இல்லை, அல்லது கடைக்குப் போக வழியில்லை, அல்லது போனாலும் வாங்கக் கட்டாத விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளமோ கூலியோ அப்படி ஏறவில்லை.

நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். பல வருடங்கள் மனைப்பொருளியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். அவசர காலத்துக்கு வீட்டில் உணவு சேர்த்து வைப்பது பற்றிப் பெண்கள் மத்தியில் பேசும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "டீச்சர், அது பதுக்கல் இல்லையா?" என்பது ஒன்று. "அதற்கெல்லாம் எங்களிடம் காசு எங்கே?" என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ என்று பட்டியல் போடுவதில் பயனில்லை.

சேமிப்பும் பதுக்கலும்

நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான உணவை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. மக்களுக்குத் தேவையானதைப் பதுக்குபவன் பாவி என்று கண்டிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. மக்கள் தேவையுடன் தேடும் நேரத்தில் சந்தையிலிருந்து பொருளை இழுத்து வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதே இஹ்திகார் எனும் பதுக்கல் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். தன் பிள்ளைகள் சாப்பிடுவதற்காக ஒருவர் எடுத்து வைப்பது அதில் சேராது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பதுக்கலை வியாபாரியின் குற்றமாகத்தான் பார்க்கிறது.

இருந்தாலும் வீட்டுக்காரரும் ஒரு எல்லையைத் தாண்டிவிடலாம். அந்த எல்லையைக் காட்டுவது எவ்வளவு வாங்கினோம் என்பதைவிட எப்போது வாங்கினோம் என்பதுதான். கடையில் மூடை மூடையாக அரிசி அடுக்கியிருக்கும் மார்ச் மாதத்தில் நான் 5 கிலோ கூடுதலாக வாங்கினால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. அதே 5 கிலோவை, "நாளைக்கு அரிசி முடியுதாம்" என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்த இரவில் ஓடிப்போய் வாங்கினால், எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளியின் அன்றைய சோற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வரும் விடயமும் இதுதான். நல்ல காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த வீடு, கெட்ட காலத்தில் வரிசைக்குப் போகாது. வசதியுள்ள 50 வீடுகள் வரிசைக்குப் போகாமல் இருந்தால், அந்த 50 இடமும் அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குபவர்களுக்குக் கிடைக்கும். ஆகவே வாங்க முடிந்தவர்கள் முன்கூட்டியே வாங்கி வைப்பது சுயநலம் அல்ல. அயலவரின் ஹக்கில் கைவைக்காமல் இருப்பதற்கான வழி அது.

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் சேமிப்பு நடந்தது விளைச்சல் நன்றாக இருந்த ஏழு வருடங்களில்தான். அதில் தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னதும் கவனிக்கத்தக்கது. உமி நீக்காத நெல், குற்றிய அரிசியைவிட நீண்ட காலம் பூச்சி பிடிக்காமல் இருக்கும் என்பதை எங்கள் பகுதி விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள். முன்னர் கிழக்கில் வயல் உள்ள வீடுகளில் அடுத்த போகம் வரைக்கும் வேண்டிய நெல் மூடைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. இன்று களத்திலேயே நெல்லை விற்றுவிட்டு, விவசாயியும் கடையில் 5 கிலோ பேக் வாங்குகிறார். நகரத்தில் மட்டுமல்ல, நெல் விளையும் ஊரிலும் வீட்டுக் களஞ்சியம் காலியாகிவிட்டது.

எத்தனை நாளுக்கு, எவ்வளவு?

ஒரேயடியாக வருடக் கணக்கில் யோசித்தால் மலைப்பாக இருக்கும். முதல் இலக்கு 3 நாட்கள். வெள்ளத்தில் வீதி மூடப்பட்டால் உதவி வந்து சேரும் வரைக்கும் தாக்குப்பிடிக்க அது போதும். இரண்டாவது இலக்கு 14 நாட்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதுமானது. இடமும் வசதியும் இருப்பவர்கள் ஒரு மாதத்துக்குப் போகலாம்.

அனர்த்த நிவாரணப் பணிகளில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,100 கலோரி என்று கணக்கிடுவார்கள். அதை நமது சாப்பாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். பெற்றோரும் மூன்று பிள்ளைகளுமாக 5 பேர் உள்ள வீட்டுக்கு 14 நாட்களுக்கு வேண்டியவை ஏறத்தாழ இவை:

- அரிசி 20 கிலோ
- கோதுமை மா அல்லது அரிசி மா 4 கிலோ
- மைசூர் பருப்பு 4 கிலோ
- கடலை, பயறு, கௌபி எல்லாம் சேர்த்து 3 கிலோ
- தேங்காய் எண்ணெய் 2 லீற்றர்
- சீனி 2 கிலோ
- உப்பு 1 கிலோ
- பால்மா 400 கிராம் பக்கெட் 3
- டின் மீன் 6
- நெத்தலி அல்லது வேறு கருவாடு 1 கிலோ
- பேரீச்சம்பழம் 1 கிலோ
- தேயிலை, கறித்தூள், செத்தல் மிளகாய், மஞ்சள், புளி, வெங்காயம், உள்ளி தேவையான அளவு

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு அந்த 2,100 கலோரி ஏறத்தாழ வந்துவிடும். கருவாடு பிடிக்காத வீட்டில் சோயா மீட் பக்கெட்டுகளைச் சேர்க்கலாம். அவை பாரமில்லாதவை, நீண்ட நாள் கெடாதவை.

பலர் அரிசியை மட்டும் நினைப்பார்கள். சோற்றை மட்டும் சாப்பிட்டால் வயிறு நிறையும், உடம்புக்குப் போதாது. 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. மீனும் இறைச்சியும் கிடைக்காத வாரங்களில் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தாங்கப்போவது பருப்பும் பயறும்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கும் சோற்றைக் குறைத்துப் பயறு வகைகளைக் கூட்டுவதே நல்லது.

நாம் வழமையாகச் சாப்பிடுவதையே சேர்க்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஓட்ஸும் டின் சூப்பும் வாங்கி அடுக்கினால், காலாவதித் திகதி முடிந்த பிறகு அவை குப்பைக்குத்தான் போகும். நெருக்கடி நேரத்தில் சிறு பிள்ளைகள் பழக்கமில்லாத உணவை வாயிலும் வைக்க மாட்டார்கள்.

அடுப்பு மூட்ட முடியாத நாளும் வரும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் சமையல் எங்கே? ஆகவே சமைக்காமல் சாப்பிடக்கூடிய சிலவற்றை ஒரு பையில் தனியாக வைக்க வேண்டும். அவல், சமபோஷ, பிஸ்கட், பேரீச்சம்பழம், டின் மீன், சீனி, போத்தல் தண்ணீர் என்பன போதும். இந்தப் பை கதவுக்கு அருகில் இருக்கட்டும். பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ இடம்பெயர நேர்ந்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பிரெஷர், நீரிழிவு மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கும், சில ஜீவனி பக்கெட்டுகளும் அதற்குள் இருக்க வேண்டும். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டியது. மின்சாரம் இல்லாதபோது அதை எப்படி வைப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால்தான் எந்த அனர்த்தத்திலும் பாதுகாப்பான உணவு. அசுத்தமான தண்ணீரில் கரைத்த மாப்பால் குழந்தைக்குக் கடுமையான வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். முதலில் தாயின் சாப்பாட்டைக் கவனியுங்கள்.

காசு எங்கே என்ற கேள்வி

மேலே உள்ள பட்டியலை ஒரே நாளில் வாங்கச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அந்த மாதச் செலவே குழம்பிவிடும். அப்படி வாங்கத் தேவையில்லை.

நமது மூத்தம்மாமார் செய்த பிடியரிசி முறை பலருக்கு ஞாபகம் இருக்கும். உலையில் போட அரிசி அளக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போடுவார்கள். அது மத்ரஸாவுக்கோ பள்ளிவாசலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். அதே வழக்கத்தை இதற்கும் பாவிக்கலாம். ஒரு பெண்ணின் பிடி ஏறத்தாழ 50 கிராம். நாளைக்கு இரண்டு பிடி என்றால் 100 கிராம். 200 நாளில் 20 கிலோ சேர்ந்துவிடும். அந்த ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு எழும்ப மாட்டார்கள்.

மற்றச் சாமான்களுக்கு வாரம் ஒரு பொருள் என்ற கணக்குப் போதும். இந்த வாரம் கூடுதலாக அரைக் கிலோ பருப்பு, அடுத்த வாரம் ஒரு டின் மீன், அதற்கடுத்த வாரம் ஒரு பக்கெட் உப்பு. இப்படிப் போனால் ஏழெட்டு மாதத்தில் பட்டியலில் பெரும்பகுதி வந்துவிடும். இதற்காகக் கடன் வாங்குவதோ நகையை அடகு வைப்பதோ கூடாது. வட்டிக்குள் விழுந்து நிரப்பும் களஞ்சியம் குடும்பத்தைக் காப்பாற்றாது.

காலம் பார்த்து வாங்குவதும் காசைக் காப்பாற்றும். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் அரிசி தாராளமாக இருக்கும், விலையும் இறங்கும். வருடக் கடைசியில் அது ஏறும். அரிசியை அறுவடைக் காலத்திலேயே வாங்கி வைப்பது நல்லது. கிழக்கில் இருப்பவர்கள் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஒக்டோபருக்குள் மற்றவற்றையும் நிரப்பிவிட வேண்டும். களனி, களு, ஜின், நில்வளா கங்கைகளை அண்டி வாழ்பவர்களுக்கு மே மாதமே ஆபத்தானது. 2003, 2016, 2017 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் எல்லாம் மே மாதத்தில்தான் வந்தன. அவர்கள் ஏப்ரலுக்குள் ஆயத்தமாக வேண்டும்.

கெடாமல் வைப்பது எப்படி?

நமது நாட்டின் சூடும் ஈரலிப்பும் உணவுக்கு எதிரி. கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். சாமான் வாங்குவதைவிட அதைக் காப்பதில்தான் கவனம் அதிகம் தேவை.

அரிசிக்கு வரும் வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. முட்டையாக அரிசியோடுதான் வீட்டுக்கு வருகிறது. அதனால் மூடையை அப்படியே மூலையில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வண்டு பெருகிவிடும். நல்ல வெயில் நாளில் பாயில் மெல்லிதாகப் பரப்பிக் காயவைத்து, நிழலில் நன்றாக ஆறவிட்ட பிறகு அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். டீப் பிரீஸரில் இடம் உள்ளவர்கள் சிறிய பக்கெட்டுகளாகக் கட்டி நான்கு நாள் வைத்து எடுக்கலாம். முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் முழுக்கப் போன பிறகே திறக்க வேண்டும்.

அடைப்பதற்கு விலை உயர்ந்த பாத்திரம் தேவையில்லை. 5 லீற்றர் குடிநீர்ப் போத்தலைக் கழுவி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவைத்தால் அதில் 4 கிலோ அரிசி கொள்ளும். 20 கிலோவுக்கு 5 போத்தல். வாய் வரைக்கும் தட்டித் தட்டி நிரப்பி இறுக மூட வேண்டும். உள்ளே காற்று குறைந்தால் பூச்சிக்கும் வாழ்வு குறைவு. எலியும் எளிதில் நெருங்காது. வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போடும் வழக்கம் இருக்கிறது. போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தவிடு நீக்காத சிவப்பரிசி சத்தானது. ஆனால் தவிட்டில் உள்ள எண்ணெய் காரணமாகச் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அதை ஓரிரு மாதத்துக்குள் பாவித்து முடிக்கும் அளவுக்கே வைத்து, நீண்ட சேமிப்புக்குப் புழுங்கல் நாட்டரிசியை வைத்துக்கொள்ளலாம். மா வகைகள் அரிசியைவிட வேகமாகக் கெடும். பால்மா பக்கெட்டைத் திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அயடீன் சேர்த்த உப்பைக் காற்றுப் புகாத போத்தலில் வைத்தால்தான் அதன் பலன் நிற்கும். எண்ணெயை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

போத்தலின் மேல் மாதத்தையும் வருடத்தையும் எழுதுங்கள். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. மாதம் ஒரு போத்தலைச் சமையலுக்கு எடுத்து, அதைப் புதிய அரிசியால் நிரப்பினால் ஐந்து மாதத்தில் ஐந்து போத்தலும் புதிதாகிவிடும். இப்படிச் சுழற்றினால் எதுவும் வீணாகாது. தனியாக ஒரு செலவு என்றும் தோன்றாது. நாளைக்குச் சாப்பிட வேண்டியதை இன்றைக்கு வீட்டில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டு விடயங்களில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முதலாவது பூஞ்சணம். கச்சான், சோளம், கொப்பரை, செத்தல் மிளகாய் போன்றவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கும். கழுவினாலும் வறுத்தாலும் அது முற்றாகப் போகாது. பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மற்றதைச் சமைக்காமல் எல்லாவற்றையும் வீசிவிடுங்கள். இரண்டாவது, ஊதிப்போன டின், ஓட்டில் நசுங்கிய டின், துருப்பிடித்துக் கசியும் டின். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைச் சேமிப்பாகக் கணக்கிடாதீர்கள். மின்சாரம் போனால் முதலில் கெடுவது அதற்குள் இருக்கும் மீனும் இறைச்சியும்தான். வெள்ளம் வரும் பகுதியில் எதையும் தரையில் வைக்க வேண்டாம். உயரமான தட்டிலோ பரணிலோ வையுங்கள். வெள்ளநீர் பட்ட அரிசி, மா, சீனியைக் கழுவிக் காயவைத்துப் பாவிக்க முடியாது. மலசலகூடக் குழியின் அழுக்கும் அந்த நீரில்தான் கலந்திருக்கும்.

தண்ணீரும் அடுப்பும்

அரிசி இருந்தும் சமைக்கத் தண்ணீர் இல்லாத நிலையைச் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் கண்டது. கிணறுகளில் கடல்நீர் நிறைந்திருந்தது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 லீற்றர் வேண்டும். 5 பேருக்கு மூன்று நாளைக்கு 45 லீற்றர். மூடியுள்ள சுத்தமான கேன்களில் நிரப்பி, இடைக்கிடை மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி இறைத்துக் குளோரின் இட்ட பின்பே பாவிக்க வேண்டும். அதுவரை தண்ணீரைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் குடிப்பதற்கே முதலிடம். குடிக்கத் தேவையான தண்ணீரை வைத்துக்கொண்டு தயம்மும் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

அடுப்பு விடயத்தில் ஒன்றை மட்டும் நம்பியிருப்பதுதான் ஆபத்து. 2022இல் கேஸ் அடுப்பும் ரைஸ் குக்கரும் மட்டும் இருந்த வீடுகள் இரண்டும் கைவிட்டபோது தவித்தன. இடம் உள்ளவர்கள் ஒரு விறகடுப்பையும் மழை படாத இடத்தில் கொஞ்சம் காய்ந்த விறகையும் வைத்திருங்கள். மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இரண்டாவது சிலிண்டர்தான் வழி. எந்தக் காரணத்துக்காகவும் மூடிய அறைக்குள் கரி அடுப்பை எரிக்க வேண்டாம். அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சில வழிகள் உண்டு. கடலை, கௌபியை இரவே ஊறவைக்க வேண்டும். மிகவும் தட்டுப்பாடான நாட்களில் அவற்றை விட்டுவிட்டு, கால் மணித்தியாலத்தில் வேகும் மைசூர் பருப்பை எடுக்கலாம். சோற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு சட்டியைத் தடித்த துணிகளால் சுற்றி ஒரு பெட்டிக்குள் முக்கால் மணித்தியாலம் வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். சாதாரண நாளிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

முற்றம் உள்ளவர்களுக்கு அதுவும் ஒரு களஞ்சியம். ஒரு முருங்கை, நாலு மரவள்ளி, ஒரு ஈரப்பலா, கொஞ்சம் பொன்னாங்கண்ணி இருந்தால் கறிக்கு வழி பிறக்கும். பலாக்கொட்டையை மணலில் புதைத்து மாதக்கணக்கில் வைத்துச் சமைத்த பழக்கத்தை இன்றும் மூத்தவர்களிடம் கேட்டறியலாம்.

ஒரு பிடியும் மிஞ்சாத வீடுகள்

இவ்வளவு சொன்ன பின்னும் ஓர் உண்மை மிஞ்சி நிற்கிறது. பிடியரிசி எடுக்கவும் முடியாத வீடுகள் நமது மஹல்லாக்களில் இருக்கின்றன. அளந்து வாங்கிய அரைக் கிலோவில் ஒரு பிடி குறைந்தால் ஒரு பிள்ளைக்குச் சோறு குறையும். அவர்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது மனதை நோகடிக்கும். அவர்களுக்காகச் சேமிக்க வேண்டியது ஊர்தான்.

யுத்தத்திலோ ஊரிலோ உணவு குறைந்துபோனால் அஷ்அரி கோத்திரத்தார் தம்மிடம் உள்ளதை எல்லாம் ஒரே துணியில் ஒன்றுசேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தத் துணியை விரிக்கும் இடம் இன்று நமது பள்ளிவாசல்தான். அங்கே பெரிய சட்டிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கானோருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அனர்த்தம் வந்தால் ஊர் முதலில் கூடுவதும் அங்கேதான். அங்கே இல்லாதது, தயாராக இருக்கும் ஒரு கையிருப்பு. வெள்ளம் வந்த பிறகுதான் ஒலிபெருக்கியில் அரிசி கேட்கிறோம். அப்போது கடையிலும் அரிசி இருக்காது, கொடுக்க நினைப்பவரின் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு எனது யோசனை இது. மஹல்லாவில் உள்ள மிக வறிய 20 அல்லது 30 குடும்பங்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்பவற்றை நிரந்தரக் கையிருப்பாக வைத்திருங்கள். அறுவடைக் காலத்தில், முடிந்தால் ஊர் விவசாயியிடமிருந்தே வாங்குங்கள். அது பழுதாகிப் போகும் என்ற பயம் வேண்டாம். வருடாவருடம் நோன்புக் கஞ்சிக்கு அரிசி வாங்கத்தானே செய்கிறோம்? பழைய கையிருப்பைக் கஞ்சிக்கு எடுத்துவிட்டு, கஞ்சிக்காக வரும் நன்கொடையில் புதியதை வாங்கி வைத்தால் சுழற்சி தானாகவே நடந்துவிடும். ஸகாத் நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதற்கு வரையறை உண்டு. ஆகவே இதற்கு ஸதகாவைப் பாவிப்பதா, வேறு வழி உண்டா என்பதை உலமாக்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கொடுக்கும்போது படம் பிடிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள தமிழ், சிங்களக் குடும்பங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது இது யாருடைய வீடு என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அடுத்த தட்டுப்பாடு எந்த வடிவில் வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆயத்தம் செய்வது நமது பொறுப்பு. இன்றிரவு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வேறு போத்தலில் போடுங்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகத்தில் உள்ள ஒருவரிடம், நமது பள்ளிவாசலில் எத்தனை கிலோ அரிசி கையிருப்பில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.